கொண்டைக்காரியின் வேலி

அசினே என்ற கிரேக்க ஊர் எரிந்த மத்தியானம், போடி மலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி நிலையத்தில் செலஸ்தினா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. திரையில் ஒரு மூலை மங்கியபோது மேகம் என்றுதான் நினைத்தாள்.

"மேகத்துக்கு அடியில தீ எரியாது தாயி," என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த வீரணன்.

ஆர்கோஸ் நகரத்துப் படை வந்திருந்தது. அசினே சின்ன ஊர். பாறை மேல் கொஞ்சம் வீடுகள், கீழே கடல், கரையில் படகுகள். ஒரு காலத்தில் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஆர்கோஸின் வயல்களை அழிக்க வந்தபோது, இந்த ஊர் ஸ்பார்ட்டா பக்கம் சாய்ந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க ஆர்கோஸ் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு கோயில் கூரை மட்டும்தான் மிஞ்சியது. மனிதர்கள் படகேறினார்கள். மேலிருந்து பார்க்கையில் அவர்கள் வெறும் தலைகள். தலைகளுக்குப் பக்கத்தில் நீண்ட நிழல்கள். அதில் ஒரு தலையில் பெரிய கொண்டை இருந்தது. படகில் ஏறிய பிறகு அந்தக் கொண்டைக்காரி மறுபடி இறங்கி, தண்ணீருக்குள் முழங்கால் வரை நின்று, எரியும் ஊரைப் பார்த்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள்.

செலஸ்தினா அதற்குப் பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை. அதே வாரம்தான் மாதாத்துறைக்குள் கடல் வந்தது. அவளுடைய ஊர். தூத்துக்குடிக்குத் தெற்கே, கோயில் மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கிற ஊர்.

அவளுடைய அம்மா பிரகாசி முகாமிலிருந்து தினமும் போன் பண்ணுவாள். தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலுக்கு மேலே கத்துவாள்.

"ஏட்டி, செத்தவங்கள பாக்கதுக்கா சம்பளம் குடுக்கானுவ?"

"செத்தவங்க இல்லம்மா. அவங்க மேல பட்ட வெயில். அது வானத்துக்குப் போச்சுல்லா? ரொம்ப தூரத்துல ஒரு இருட்டு நட்சத்திரம் கெடக்கு, அதத்தான் நாங்க கண்ணாடிங்கோம். அது அந்த வெளிச்சத்த வளைச்சு, வந்த பக்கமே திருப்பி விட்டுட்டு. போயிட்டு வர ரெண்டாயிரத்து எழுநூறு வருசம் ஆயிட்டு. நாங்க அதைப் பிடிச்சுத் தெளிவாக்கிப் பாக்கோம்."

"அப்போ அவளுக்கு இன்னைக்கு என்ன நடக்கோ அதைத்தான் நீ இன்னைக்குப் பாக்க?"

"ஆமா. அவளுக்கு ஒரு நாள்னா எனக்கும் ஒரு நாள்."

"நல்லாருக்கே. நம்ம டிவி நாடகம் மாதிரி. சரி, இன்னைக்குக் கொண்டைக்காரி என்ன செஞ்சா?"

கொண்டைக்காரி காத்திருந்தாள். ஸ்பார்ட்டாவின் கடற்கரையில் நாணல் குடிசைகள் போட்டு அசினேக்காரர்கள் காத்திருந்தார்கள். வருடங்கள் போயின. கொண்டைக்காரிக்குக் குழந்தை பிறந்தது. அது நடக்கத் தொடங்கியது. சின்ன நிழல் பெரிய நிழலைத் துரத்துவதைச் செலஸ்தினா பார்த்தாள். பிரகாசியும் முகாமில் காத்திருந்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலைவிதிட்டி," என்பாள். "அவளுக்காவது புள்ள கூட இருக்கு."

நிலையத்தில் செலஸ்தினாவின் வேலைக்கு நிழல் வாசிப்பு என்று பெயர். மேலிருந்து முகம் தெரியாது. காலையிலும் மாலையிலும் நிழல் நீளும்போதுதான் மனிதன் மனிதனாகத் தெரிவான். தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, கை எவ்வளவு வீசுகிறது, குதிகால் இழுக்கிறதா. பழகுவதற்காக அவள் தினமும் காலையில் நிலையத்தின் மொட்டை மாடியில் நின்று, கீழே வருகிறவர்களை நிழலை மட்டும் பார்த்துச் சொல்லுவாள். தப்பியதே இல்லை. வீரணன்தான் அவளுக்கு ரொம்ப எளிது. வலது தோள் ஏறியிருக்கும். இடது கை வீசாது, இடுப்போடு ஒட்டியே வரும்.

"என்னத்தா, என் நிழலுக்கு ஊளமூக்கு தெரியுதா?" என்று கீழிருந்து கேட்பார்.

"அது தெரியல அண்ணே. தொப்ப தெரியுது."

மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். வீரணன் கொண்டுவருகிற நார்த்தங்காய் ஊறுகாய்க்கு நிலையமே கை நீட்டும். "எங்க வீட்டு மரம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். போடிப் பக்கம் ஏதோ ஊர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு பஸ் அலைச்சல் தாங்கவில்லை என்று, அப்பாவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஊறுகாய் வருவது குறைந்தது.

ஒரு ஆவணி மாதம் இரண்டு நல்ல செய்திகள் சேர்ந்து வந்தன. குடியமர்வு வாரியம் மாதாத்துறை மக்களுக்கு மலையடிவாரத்தில் வீடு கொடுத்தது. ஊருக்குப் புது மாதாத்துறை என்று பலகை வைத்தார்கள். அந்த வாரமே, ஸ்பார்ட்டாவின் கடற்கரையில் குடிசைகள் பிரிக்கப்பட்டன. மெஸ்ஸேனியா என்ற பக்கத்து நாட்டோடு ஸ்பார்ட்டா நெடுங்காலமாகப் போட்ட சண்டை முடிந்திருந்தது. ஜெயித்தவர்கள் அங்கே கடலோரமாக ஒரு ஊரை அசினேக்காரர்களுக்குக் கொடுத்தார்கள்.

"அதுக்கும் அசினேன்னே பேரு வச்சுக்கிட்டாங்கன்னு புத்தகத்துல இருக்கு," என்றாள் செலஸ்தினா. அன்று அவள் எல்லாருக்கும் பாயசம் கொண்டுவந்திருந்தாள்.

வீரணன் பாயசத்தை ஸ்பூனால் கிண்டிக்கொண்டிருந்தார். "அதுக்கு முன்னால அந்த ஊருக்கு என்ன பேரு?"

"யாருக்குத் தெரியும்? என்னென்னமோ யூகம் சொல்றாங்க."

"ம்," என்றார். பாயசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

கொண்டைக்காரி புது வீட்டுக்குள் நுழைவதைப் பார்க்க மறுநாள் எல்லாரும் திரை முன்னால் கூடினார்கள். அங்கே விடிகிறபோது இங்கே காலை பத்து மணி இருக்கும். மலைச்சரிவில் கல்வீடு, சின்ன முற்றம், வாசலில் ஒரு இளம் ஒலிவ மரம். மரத்தின் நிழல் விரல் மாதிரி மெலிந்திருந்தது. கொண்டைக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

செலஸ்தினா கை தட்டவில்லை. வீட்டுக் கூரையின் ஓட்டையிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. கொண்டைக்காரி இன்னும் உள்ளே போகவே இல்லை.

கண்ணாடி எல்லா இடத்து வெளிச்சத்தையும் ஒன்றாகத்தான் கொண்டுவரும். அதில் ஒரு சின்னச் சதுரத்தைத்தான் தெளிவாக்குவார்கள்; மற்றதெல்லாம் மங்கலாகவே கிடங்கில் கிடக்கும். செலஸ்தினா அந்த வீட்டின் பழைய நாட்களைக் கேட்டு வாங்கினாள். இரண்டு நாள் ஆனது தெளிவாக.

ஒரு கிழவனும் கிழவியும் இருந்தார்கள். ஒரு நாய் இருந்தது. கிழவி தினமும் விடியலில் ஜாடியோடு வந்து ஒலிவக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மண் வட்டமாகக் கறுத்து, வெயில் ஏற ஏற வெளுத்தது. அதே வட்டம், நாள் தவறாமல், கன்று நட்ட நாளிலிருந்து. பிறகு ஒரு விடியலில், அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில், கேடயங்கள் மின்ன ஆட்கள் வந்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. கிழவனும் கிழவியும் மேலே மேட்டுக்கு நடந்தார்கள். நாய் பாதி வழி போய்த் திரும்பி வந்து முற்றத்தில் படுத்தது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் கொண்டைக்காரி வந்துவிட்டாள்.

"ஸ்பார்ட்டாக்காரன் நல்லவன்னு நெனச்சேன் அண்ணே," என்றாள் வீரணனிடம். "அகதிக்கு வீடு குடுத்தானேன்னு."

"நல்லவந்தேன். குடுத்தது அவன் வீடா என்ன?" வீரணனின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "யோசிச்சுப் பாரு தாயி. சண்டையில தோத்த மெஸ்ஸேனியாக்காரன் மாடு மாதிரி உழைச்சு, வெளச்சல்ல பாதிய ஸ்பார்ட்டாவுக்குச் சொமந்துட்டுப் போறான். ஒருநாள் அவனுக்குக் கோவம் வரும். அப்ப யாரு வாசல்ல வந்து நிப்பான்? ஸ்பார்ட்டா வாசல்லயா? அது மலைக்கு அந்தாண்ட கெடக்கு. பக்கத்துல இருக்குற கொண்டைக்காரி வாசல்லதேன் வந்து நிப்பான். கொண்டைக்காரி யார கூப்புடுவா? ஸ்பார்ட்டாவ. காவலுக்குச் சம்பளமில்லாம ஒரு ஊரே கெடச்சிருச்சு பாத்தியா."

"ஆனா அவ என்ன செய்வா? அவளுக்கும் வேற எடமில்லையே."

"அவள யாரு குத்தம் சொன்னா?" என்று எழுந்து போய்விட்டார்.

கிழவி மேட்டுக்கு மேலே ஒரு குடிசையில் இருந்தாள். செலஸ்தினா அவளைக் கண்டுபிடித்த மறுநாளே அதைப் பார்த்தாள். விடிகிற நேரத்தில் நீண்ட நிழல் ஒன்று சரிவில் இறங்கியது. கிழவி முற்றத்துக்கு வந்து ஒலிவக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வீடு விழிப்பதற்குள் மேடேறிவிட்டாள். மறுநாளும் வந்தாள்.

பிரகாசிக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. புது வீட்டிலிருந்து பேசுகிறபோது கூரை இரைச்சல் இல்லை. அவள் குரலே மாறியிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு மழை பெய்தும் தூங்கினேன் என்று சொன்னாள். பிறகு, "கெழவி வந்தாளாட்டி?" என்று கேட்டாள்.

"வந்தா. ஆனா இன்னைக்குக் கொண்டைக்காரி பாத்துட்டா. வாசலுக்கு வந்து நின்னா. ரெண்டு நிழலும் கொஞ்ச நேரம் அசையல. கெழவி ஜாடிய எடுத்துட்டுப் போயிட்டா."

"என்ன பேசிக்கிட்டாளுவ?"

"சத்தம் வராதும்மா."

அடுத்த நாள் கொண்டைக்காரி நாலைந்து ஆட்களோடு முள் வெட்டி வந்து, முற்றத்தைச் சுற்றி வேலி போட்டாள். செலஸ்தினா அன்று சாப்பிடவில்லை. இத்தனை வருடம் அவள் பார்த்த ஒருத்தி, தண்ணீரில் நின்று தன் ஊரைத் திரும்பிப் பார்த்த ஒருத்தி, முள்ளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிரகாசி போனிலேயே கொதித்தாள். "ஒரு ஜாடி தண்ணிக்கா வேலி? சீ! இவ என்ன பொம்பள? அந்தக் கெழவி வீட்டையா கேட்டா? ஊத்திட்டுப் போட்டுமேட்டி!"

"பயந்துட்டா போலம்மா."

"என்ன பயம்? நாம எல்லாம் ஊர வுட்டு வரலியா? நமக்குத் தெரியாதா அந்த வலி? இனிமே அவ கதைய எங்கிட்டச் சொல்லாத."

மூன்று நாள் கழித்துப் பிரகாசி வீடியோவில் கூப்பிட்டாள். காலை வெயில் அப்போதுதான் சரிவில் இறங்கியிருந்தது. வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை. அடுக்களை, மாதா படம், ஜன்னல் வழியே மலை எல்லாம் காட்டினாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

"இந்தா பாரு, மரம். எலுமிச்சன்னு நெனச்சேன். காய் பெருசா இருக்கு, தோலு கட்டியா இருக்கு. என்ன காய்னு தெரியல. கீழ விழுந்து கெடக்கு."

"நார்த்தங்காய்ம்மா."

"ஆங். அதுல ஒரு கூத்து கேளு. விடியுமுன்ன யாரோ உள்ள வந்து இதுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறாங்க. நான் எந்திரிச்சு வந்தா மண்ணு நனைஞ்சு கெடக்கு, ஆளக் காணோம். இன்னைக்கு ஆளு பிந்திட்டான் போல, இப்பத்தான் கேட் சத்தம் கேட்டு. எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. தனியா கெடக்கேன், எவன் எதுக்கு வாரானோ. நாளைக்குப் பூட்டு வாங்கணும். மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிக்கலாம்னு எதுத்த வீட்டுக்காரன் சொல்லுதான்."

பேசிக்கொண்டே அவள் போனைக் கேட்டுக்கு வெளியே திருப்பினாள். காலை வெயிலில் வெறும் மண்பாதை. ஓரத்தில், படத்தை விட்டு வெளியேறும் இடத்தில், ஒரு நிழல் வலது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது. வலது தோள் ஏறியிருந்தது. இடது கை வீசவில்லை.

செலஸ்தினா போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். தான் கேலி பண்ணியது நினைவுக்கு வந்தது: கொஞ்ச நாளாக வீரணன் காலையில் கால்சட்டை ஓரம் நனைந்து, செருப்பில் சேறோடு வருவார். "உடம்பக் கொறைக்க வாக்கிங்கா அண்ணே?" என்பாள். "ஆமாத்தா, தொப்ப தெரியுதுன்னு நீதேன சொன்ன," என்பார்.

அவர் வந்ததும் கீழே இறங்கிப் போய் நேராகவே கேட்டாள். "உங்க ஊரு பேரு என்ன அண்ணே?"

வீரணன் அவள் முகத்தைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, மெதுவாகச் சொன்னார். "ஓடைமேடு. இப்ப அப்படிச் சொன்னா யாருக்கும் தெரியாது. புது மாதாத்துறைன்னாதேன் பஸ்ஸே நிக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. பழைய பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல தாயி."

கேட்டிருக்கலாம். பாயசம் கொண்டுவந்த அன்று அவரே அந்தக் கேள்வியைக் கேட்டு, அவளுக்கு வழியும் காட்டியிருந்தார்.

"எதுக்கு அண்ணே காலி பண்ண வச்சாங்க?"

"மலை மண்ணு சரியும், இருந்தா சாவீகன்னாங்க. சரின்னு கெளம்புனோம். மேல கரட்டுல தகரக் கொட்டாய் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு மழை போச்சு, ஒரு கல்லு உருளல. அப்பறம் வெள்ளையடிச்சு, பலகைய மாத்தி, ஒங்களுக்குக் குடுத்துட்டாங்க. எங்களுக்குச் சரியுற மண்ணு ஒங்களுக்கு மட்டும் எப்படிச் சரியாம நிக்கும்னு போய்க் கேட்டோம். இன்னும் பதில் வரல. பாவம், அவங்களுக்கே தெரியல போல." சிரிக்கப் பார்த்தார். "எங்காளுக இப்ப வாரியத்தத் திட்டுறதில்ல தாயி. ஒங்காளுகளத்தேன் திட்டுறாங்க. அதுதேன் எனக்குப் பயமா இருக்கு."

"என்னை ஏன் திட்டல?"

"ஒன்னையத் திட்டி என்ன ஆகப்போகுது? ஒங்கம்மா எம்புட்டு வருசம் தகரத்துக்கு அடியில கெடந்தாகன்னு தெனமும் நீதேன சொன்ன? எந்த வீட்ட குடுத்தாங்கன்னு நீ போட்டோ காட்டுனப்பதேன் எனக்கே தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. நீ சிரிச்சுக்கிட்டு நின்ன." சைக்கிளைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். "சொல்லிராத. அந்தம்மா இப்பத்தேன் தூங்குது. நான் இனிமே போகல. நார்த்த மரம் தானா பொழச்சுக்கும்."

செலஸ்தினா அன்று முழுவதும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முள்வேலிக்குள் ஒலிவக் கன்றைச் சுற்றி மண் வெளுத்துக் கிடந்தது. கொண்டைக்காரி இரண்டு முறை வெளியே வந்து மேட்டைப் பார்த்தாள். முன்பு குடிசைக் கரையில் நின்று கடலைப் பார்த்த அதே மாதிரி, புருவத்துக்கு மேல் கை வைத்து. அப்போது யாராவது வருவார்களா என்று பார்த்தாள். இப்போது யாராவது வந்துவிடுவார்களோ என்று பார்க்கிறாள்.

சொன்னால் அம்மா மறுபடி தூங்க மாட்டாள். சொல்லாவிட்டால் மதில் மேல் கண்ணாடிச் சில்லு வரும். ஒருநாள் இருட்டில் யார் கையாவது கிழியும்.

மாலை விளக்கேற்றும் நேரத்தில் அம்மாவே கூப்பிட்டாள். "பூட்டு நாளைக்குத்தான் வருமாம்ட்டி."

"பூட்டு வேண்டாம்மா. வாரது யாருன்னு எனக்குத் தெரியும். எங்கூட வேல பாக்க வீரணன் அண்ணன்."

"ஊறுகாய்க்காரரா? நல்ல மனுசன்னு சொல்லுவியே. அவரு எதுக்குட்டி நம்ம மரத்துக்குத் தண்ணி ஊத்தணும்?"

அந்தப் பக்கத்தில் மலைக்காற்று போனில் உரசுகிற சத்தம் கேட்டது. பிரகாசி முற்றத்தில்தான் நிற்கிறாள். அவள் கேட்டபோது குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"ஏட்டி... இது யாரு வீடு?"

செலஸ்தினா எல்லாவற்றையும் சொன்னாள். ஓடைமேடு என்ற பெயரையும் சொன்னாள். பிரகாசி அழவில்லை, வாரியத்தைத் திட்டவில்லை.

"நான் அவள அன்னைக்குச் சீன்னு சொன்னேன்," என்றாள். "கொண்டைக்காரிய."

"விடும்மா."

"எனக்குப் போக்கிடம் இல்லட்டி. முகாமுக்குத் திரும்பிப் போவேன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்யி." மூச்சு வாங்கினாள். "அவர வெளிச்சமானப்புறம் வரச் சொல்லு. முன்வாசல் வழியா வந்து, காபி குடிச்சிட்டு, ஊத்திட்டுப் போகட்டும். காயெல்லாம் வீணாப் போவுது. எனக்கு அந்த ஊறுகாய் போடத் தெரியாது."

செலஸ்தினா அப்போதே குவார்ட்டர்ஸுக்குப் போய் அதைச் சொன்னாள். வீரணனின் அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வீரணன் வாசலிலேயே நின்று கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்ல அம்மா தாயி. ஆனா வெளிச்சத்துல நான் வரல."

"ஏன் அண்ணே?"

"வெளிச்சத்துல போனா காபி குடுப்பாக. நல்லாருக்கீகளான்னு கேப்பாக. நான் விருந்தாளி ஆயிருவேன்." உள்ளே படுத்திருந்தவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "விடியுமுன்ன போறப்ப மட்டுந்தேன் அது என் வீடு."

செலஸ்தினா அன்றிரவே அதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் திரையில் வெளிச்சம் பரவியது. கிழவி வந்திருந்தாள். முள்வேலிக்கு வெளியே ஜாடியோடு நின்றாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் தாழ இருந்ததால், அவள் நிழல் முள்ளைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, ஒலிவக் கன்றின் மேல் விழுந்து கிடந்தது. வீட்டின் வாசலில் கொண்டை தெரிந்தது. அவள் வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

கதவு திறந்தது. வீரணன் தாமதமாக வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். செலஸ்தினா குனிந்து பார்த்தாள். அவருடைய கால்சட்டை ஓரம் நனைந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை இருந்தது. அவர் அதை மேசையில் வைத்தபோது அது கனமாக ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளேயிருந்து ஒரு நார்த்தங்காய் உருண்டு வந்தது.

"மரத்தடியில யாரோ கட்டி வச்சிருந்தாக," என்றார் வீரணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டையும் பூட்டல."